சிறுமலரைப் பெற்றெடுத்த வீடு



நம் ஆலயத்தின் பாதுகாவலியாம் சிறுமலர் புனித தெரேசம்மாளை அறியாதவர் நம்மில் இலர். பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அந்தத் திருவுருவத்தின் முன் ஒரு மெழுகுதிரியாவது ஏற்றாத குடும்பம் இப்பங்கில் இருக்க முடியாது. பிரசவத்திற்குப் போகுமுன் ஒரு செபம், தேர்வுக்குப் போகுமுன் ஒரு செபம், வழக்கு வாய்தாவுக்குப் போகுமுன்னும் ஒரு செபம் என்று எத்தனையோ ஆண்டுகளாக அவரைத் தொந்தரவு செய்து வந்திருக்கிறோம். ஆனால் அவரைப் பெற்றவர்கள் யார், என்ன தொழில் செய்து அவரை வளர்த்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. எனக்கும் நெடுங்காலம் தெரியாமல்தான் இருந்தது.

விழா மலர்க் குழுவினர் “அன்றாட வாழ்வில் கிறிஸ்தவம்” என்று எழுதித் தரும்படி கேட்டபோது, புத்திமதி எழுத எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்வதற்குப் பங்குத் தந்தையர் இருக்கிறார்கள். மரியாயின் சேனைக் கூட்டம் ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன், இரும்புக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. “குருக்களுக்கும் கன்னியருக்கும் புனிதம் சரி. கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் எப்படி ஐயா புனிதனாவது? நாலு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும், வாங்கிய சரக்குக்குப் பணம் கட்ட வேண்டும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட வேண்டும்” என்றார். அன்று எவரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நம் பாதுகாவலியின் வீட்டு வரலாற்றை அவருக்குச் சொல்வதாக எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பிரான்சு நாட்டின் வடமேற்கே, நார்மண்டிப் பகுதியில் அலென்சோன் என்பது ஒரு சிறு நகரம். அங்கே 1850ஆம் ஆண்டு லூயிஸ் மார்ட்டின் என்ற இளைஞர் கடிகாரக் கடை ஒன்றைத் தொடங்கினார். படைத்தலைவர் ஒருவரின் மகன். 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் போர்தோ நகரில் பிறந்தவர். கடிகாரத் தொழிலை ரென், ஸ்ட்ராஸ்பர்க், பாரிஸ் ஆகிய நகரங்களில் கற்றவர். ஆனால் அவர் முதலில் விரும்பியது கடையை அன்று. 22 வயதில் ஆல்ப்ஸ் மலையின் உச்சியிலுள்ள பெரிய புனித பெர்னார்டு மடத்துக்குச் சென்று, தம்மைத் துறவியாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். இலத்தீன் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பிச் சிலகாலம் இலத்தீன் பயின்றும் பார்த்தார், அது கைகூடவில்லை.

அதே நகரில் செலி குவெரின் என்ற பெண் இருந்தார். 1831ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் பிறந்தவர். காவற்படை வீரர் ஒருவரின் மகள். அவரும் அலென்சோன் மருத்துவமனையில் பணியாற்றிய புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியரிடம் சென்று, சபையில் சேர விரும்புவதாகச் சொன்னார். அவருக்கு அவ்வழைப்பு இல்லை என்று தலைமைச் சகோதரி மறுத்துவிட்டார். இவருடைய தமக்கை மட்டும் பின்னர் லெ மான் நகரின் விசித்தேசன் மடத்தில் சேர்ந்தார். தங்கைக்கோ கதவு திறக்கவில்லை.

இருவருக்கும் மடத்தின் வாசலிலிருந்தே திரும்பி வரும்படி ஆயிற்று. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செலி என்ன செய்தார்? அலென்சோன் நகரம் ஊசியால் பின்னும் லேசுக்குப் பெயர் போனது. நம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் ரேந்தை என்பார்களே, அதுதான். ஆனால் நாம் தலையணை உறைக்கு வைத்துத் தைக்கும் ரேந்தைக்கும் இதற்கும் வெகுதூரம். தோற்காகிதத்தில் சித்திரத்தைக் குத்திக்கொண்டு, அதன்மேல் நூலால் கோடு போட்டு, நடுவே கண்ணி கண்ணியாக நிரப்பி, பிறகு துண்டு துண்டாக உள்ளவற்றை இணைப்புத் தெரியாதபடி ஒன்றுசேர்க்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் பின்ன ஏழு மணிநேரம் ஆகும் என்றும், தொழிலை முழுதும் கற்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும் என்றும் சொல்கிறார்கள். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கலையை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தொழிலைத்தான் செலி கற்று, 1853ஆம் ஆண்டளவில் தாமே நடத்தத் தொடங்கினார். பெண்கள் பலர் தத்தம் வீட்டிலிருந்தே பின்னுவார்கள். வியாழக்கிழமைதோறும் முடித்ததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்து வேலையை வாங்கிச் செல்வார்கள். துண்டுகளை இணைக்கும் நுட்பமான வேலை செலியினுடையது.

1858ஆம் ஆண்டு ஒருநாள், புனித லெயோனார்டு பாலத்தின்மேல் எதிரே நடந்துவந்த லூயிசை செலி கண்டார். மூன்று மாதத்தில் திருமணம். ஜூலை 12ஆம் நாள் இரவு பத்து மணிக்கு அரசுப் பதிவு. நள்ளிரவில், அதாவது 13ஆம் நாள் தொடங்கும் வேளையில், நோத்ருதாம் ஆலயத்தில் திருமணத் திருவருட்சாதனம். தோபியாவும் சாராவும் பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்றை மணமகன் மணமகளுக்கு அளித்தார்.

மடத்து ஆசை மட்டும் இருவரையும் விட்டபாடில்லை. மணமான பின்னும் பத்து மாதகாலம் அண்ணன் தங்கையைப்போல் வாழ்ந்தார்கள். ஆன்ம குரு ஒருவர், நீங்கள் பெற்றது திருமணம் என்னும் அருட்சாதனம், அதை வாழுங்கள் என்று எடுத்துச் சொன்ன பிறகே இல்லறம் தொடங்கியது. அந்தக் குருவின் பெயர் பலருக்கும் தெரியாது. அவர் அன்று வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் நம் ஆலயத்துக்கு வேறு பெயர்தான் இருந்திருக்கும்.

பிறந்த பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களுள் நால்வரை 1867 பிப்ரவரிக்கும் 1870 அக்டோபருக்கும் இடைப்பட்ட மூன்றே முக்கால் ஆண்டுக்குள் அடக்கம் செய்தார்கள். குருவாக வேண்டும் என்று வேண்டிப் பெற்ற ஆண்பிள்ளைகள் இருவரும் ஒரு வயதுகூட நிறையாமல் போனார்கள். ஐந்து வயது ஹெலன் போனாள். கடைசியாகப் போன மெலானி தெரேஸ், பால் கொடுக்க ஏற்பாடு செய்த பெண்ணின் கவனக்குறைவால் நலிந்து, பிறந்த சில வாரங்களிலேயே மடிந்தாள். அடுத்துப் பிறந்தவர்தான் நம் தெரேசம்மாள். 1873 ஜனவரி 2. அவரும் மூன்றாம் மாதத்தில் சாகக் கிடந்தார். விடியுமுன் தாயார் தனியே நடந்து செமாலே என்ற கிராமத்துக்குப் போய், ரோஸ் என்ற குடியானவப் பெண்ணைக் கையோடு அழைத்து வந்தார். அந்தப் பெண்ணின் பாலில் குழந்தை பிழைத்தது. ஓராண்டுக்கு மேலாக அந்தக் கிராமத்து வீட்டில்தான் வளர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

இனி, இரும்புக் கடைப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

அலென்சோனில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபார நாள். சுற்றுவட்டக் கிராமத்து மக்கள் பூசைக்கு வருவார்கள். பூசை முடிந்ததும் கடைத்தெருவில் நுழைவார்கள். கலியாண மோதிரமும் கடிகாரமும் அன்றுதான் விற்கும். லூயிஸ் கடையை அன்று திறப்பதில்லை. அவர் கடையில் நகையும் இருந்ததால் நட்டம் சிறிதன்று. முன்கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்துக் கதவை மட்டும் திறந்துவை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். அந்தப் பக்கத்துக் கதவும் சாத்தியே இருந்தது. வெளியார் கண்ணுக்கு இது பிடிவாதம். ஆனால் கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கு ஒரு பல் தேய்ந்தாலும் மொத்தமும் பிசகும் என்பது தெரியுமல்லவா?

செலியின் தொழிலில் ஞாயிற்றைவிடக் கடினமானது வியாழன். அவர் தம் தம்பிக்கும், தம்பி மனைவிக்கும், விடுதியில் தங்கிப் படித்த மகள் பவுலினுக்கும் எழுதிய கடிதங்களில் இருநூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. பக்தி நூல் படிக்கப் போகிறோம் என்று எண்ணி அவற்றை எடுப்பவர் ஏமாந்துபோவார். ஆர்டர் வரவில்லை என்ற கவலை, வந்தால் குறித்த நாளுக்குள் முடிக்க முடியவில்லை என்ற கவலை, நள்ளிரவு வரை ஊசியோடு உட்கார்ந்த களைப்பு, பிள்ளைகளுக்குச் சளி, வேலைக்காரியோடு மனத்தாங்கல். இந்த லேசு தம்மைப் படுத்தும் பாட்டை அவர் மறைக்கவே இல்லை. இவ்வளவுக்கும் நடுவில், விடியற்காலை ஐந்தரை மணிப் பூசைக்குக் கணவனும் மனைவியும் நாள்தோறும் போய்வந்தார்கள். வேலைக்குப் போகும் எளியவர்கள் வரும் பூசை அது. கூலியை நாள் கடத்தாமல் கொடுத்தார்கள். பின்னும் பெண் நோயில் படுத்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே செலி போய்ப் பார்த்து வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனைவியின் தொழில் பெருகவே, 1870ஆம் ஆண்டு லூயிஸ் தம் கடிகாரக் கடையைச் சகோதரியின் மகனுக்கு விற்றுவிட்டார். பிறகு மனைவிக்காகப் பாரிசுக்குப் போய் ஆர்டர் வாங்கி வருவதும், கணக்குப் பார்ப்பதும் அவர் வேலையாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் ஆண்மகன் இருந்திருக்கிறார். நம் வீடுகளில் மனைவியின் சம்பளம் அதிகம் என்றால் எத்தனை நாள் முகம் தூக்கிக்கொள்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இவர்கள் ஏழைகள் அல்லர். தொழில் நன்றாகவே நடந்தது. வீடும் தோட்டமும் சேமிப்பும் இருந்தன. லூயிஸ் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதில் பிரியமுள்ளவர். பிடித்த மீன் பெரும்பாலும் ஏழைகளின் கிளாரம்மாள் மடத்துக்குப் போகும். ஒருமுறை ரயில் நிலையத்தில், வலிப்பு நோயாளி ஒருவர் ஊர்போகப் பணமின்றித் தவிப்பதைக் கண்டார். தம் தொப்பியைக் கழற்றி, முதலில் தம் காசைப் போட்டுவிட்டு, நின்றிருந்த பயணிகளிடமெல்லாம் ஏந்தினார். பணம் இருந்த மனிதர், தாமே முழுவதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஏன் தொப்பியை ஏந்தினார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

செலியோ இதைவிடத் துணிச்சல்காரர். 1875ஆம் ஆண்டில், கன்னியர் உடை அணிந்த இரு பெண்கள் ஒரு சிறுமியை வைத்துக்கொண்டு பட்டினி போட்டுக் கொடுமைப்படுத்துவதை அறிந்தார். உண்மையில் அவர்கள் கன்னியரே அல்லர், வேடம். உடையைக் கண்டு ஊர் தயங்கியபோது, செலி அதிகாரிகளிடம் போய் முறையிட்டு, மிரட்டல்களுக்கு அஞ்சாமல் நின்று, சிறுமி தாயிடம் சேரும்வரை விடவில்லை. மடத்து உடைக்காக ஒருகாலத்தில் ஏங்கிய பெண்தான் இவர்.

ஆனால் தம் வீட்டுக்குள் நடந்ததை அவர் கண்டுபிடிக்க நெடுநாளாயிற்று. மூன்றாம் மகள் லெயோனி நோயாளிக் குழந்தை, படிப்பு ஏறவில்லை, பிடிவாதக்காரி. பள்ளியில் சேர்த்தும் திருப்பி அனுப்பினார்கள். இந்தப் பெண்ணை என்ன செய்வது என்று தாயார் கடிதத்துக்குக் கடிதம் கலங்கினார். 1877ஆம் ஆண்டுதான், வீட்டில் பல ஆண்டுகளாக இருந்த வேலைக்காரி அப்பிள்ளையை இரகசியமாக மிரட்டி, அடித்து, தன் சொல்லுக்கு மட்டுமே அடங்கும்படி வைத்திருந்தாள் என்பது மூத்த மகள் மூலம் வெளிப்பட்டது. காலைப் பூசையும் மாலைச் செபமும் தவறாத வீட்டில், ஒரே கூரையின் கீழ், தாய்க்குத் தெரியாமல் இது நடந்திருக்கிறது. அதுமுதல் அந்த வேலைக்காரி லெயோனியிடம் பேசக்கூடாது என்று தடுத்துவிட்டு, செலி மகளைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். எஞ்சியிருந்த சில மாதங்களில் அந்தப் பிள்ளையின் மனம் திறந்தது. பரிசுத்தர் வரலாறுகளில் இப்படிப்பட்ட பக்கங்களை மறைத்துவிடுவது வழக்கம். இது மறைக்கப்படாமல் நமக்குக் கிடைத்திருப்பது நல்லதே.

எஞ்சியிருந்த சில மாதங்கள் என்றேன். செலியின் மார்பில் ஒரு கட்டி 1865ஆம் ஆண்டு முதலே இருந்தது. மருந்துக் கடை வைத்திருந்த தம்பிக்கு அப்போதே எழுதியிருக்கிறார். 1876ஆம் ஆண்டு முடிவில் மருத்துவர்கள் பார்த்தபோது அறுவை செய்யும் கட்டம் கடந்துவிட்டது. 1877 ஜூன் மாதம் மூத்த பெண்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து நகருக்குத் திருயாத்திரை போனார். குணமாகவில்லை. பயணத்தின் அலைச்சலால் வலி கூடியதுதான் மிச்சம். ஆகஸ்டு 28ஆம் நாள் நள்ளிரவு கடந்து, 45 வயதில் இறந்தார். கடைசிக் குழந்தைக்கு அப்போது நான்கரை வயது. வேளாங்கண்ணிக்குப் போயும் குணமாகாமல் திரும்பி வந்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய விசுவாசம் குறைவு என்று பேசுகிறவர்களும் உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் இதை இன்னொருமுறை படிக்கலாம்.

ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு லூயிஸ், மைத்துனர் வாழ்ந்த லிசியே நகருக்கு அதே ஆண்டு நவம்பரில் குடிபெயர்ந்தார். பவுலின், மரி, தெரேஸ் என்று ஒருவர்பின் ஒருவராகக் கார்மேல் மடம் புகுந்தார்கள். தாம் நுழைய முடியாத கதவினுள் தம் மக்களை அனுப்பிவைத்த அந்தத் தகப்பனாருக்கு அடுத்து வந்தது சொல்லொணாச் சோதனை. 1887ஆம் ஆண்டு பக்கவாதம் தாக்கியது. நினைவு தடுமாறத் தொடங்கியது. 1888 ஜூனில் வீட்டைவிட்டுப் போய்விட்டார். நான்கு நாள் தேடி லெ ஆவர் துறைமுக நகரில் கண்டுபிடித்தார்கள். 1889 பிப்ரவரி 12ஆம் நாள் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தார். அக்காலத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் குடும்பத்துக்கே இழுக்கு. பெண்கள் மடத்துக்குப் போனதால்தான் கிழவருக்குப் புத்தி பேதலித்தது என்று லிசியே ஊரே பேசியது. அந்தப் பேச்சு மடத்துக் கம்பிக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில்தான் தெரேசம்மாள் துறவு உடை பெற்று, தம் பெயரோடு ‘திருமுகத்தின்’ என்பதையும் சேர்த்துக்கொண்டிருந்தார். பாடுகளில் மறைந்துபோன ஆண்டவரின் முகத்தைத் தம் தந்தையின் முகத்திலும் அவர் கண்டார்.

1892 மே மாதம், கால்கள் செயலிழந்த நிலையில் லூயிசை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரு நாள் கழித்துக் கார்மேல் மடத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். பெண்கள் விடைபெறும்போது அவர் ஒரு விரலை மேலே உயர்த்திக் காட்டினார். பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அதுவே அவர்கள் அவரைக் கடைசியாகக் கண்டது. 1894 ஜூலை 29ஆம் நாள் காலமானார். கூடவே இருந்து பணிவிடை செய்த மகள் செலின் அதன் பின்னரே மடம் புகுந்தார்.

மகளின் புகழ் உலகெங்கும் பரவியது. 1897இல் இறந்தவருக்கு 1925இல் புனிதர் பட்டம். 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி. 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர். பெற்றோரோ அந்த நிழலில் நெடுங்காலம் இருந்தார்கள். இல்லறத்தார் உட்பட எல்லாரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்களே என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் தனி இயலாகவே அறிவித்தது. அதற்குச் சற்று முன்பே, 1957ஆம் ஆண்டில், இவர்களுக்கான விசாரணை தொடங்கியிருந்தது. தந்தைக்கு ஒரு மறைமாவட்டத்திலும் தாய்க்கு வேறொரு மறைமாவட்டத்திலும் தனித்தனியாகத் தொடங்கிய அவ்விரு விசாரணைகளும் பிற்பாடு ஒன்றாக இணைக்கப்பட்டன. 2008 அக்டோபர் 19ஆம் நாள் லிசியேயில் முத்திப்பேறு பட்டம். 2015 அக்டோபர் 18ஆம் நாள், குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் உரோமையில் நடந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார். கணவனும் மனைவியும் தம்பதியராகவே சேர்ந்து புனிதர் பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

லெயோனியைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று முறை மடங்களில் சேர்ந்து மூன்று முறையும் வெளியே வந்து, 1899ஆம் ஆண்டு நான்காம் முறையாகக் கான் நகர் விசித்தேசன் மடத்தில் நுழைந்தார். அங்கேயே நிலைத்து, 1941ஆம் ஆண்டு இறந்தார். அவருக்கும் புனிதர் பட்ட விசாரணை 2015இல் தொடங்கியுள்ளது.

புனிதர்களின் திருநாளைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில், அதாவது விண்ணகத்தில் பிறந்த நாளில், கொண்டாடுவது திருச்சபையின் வழக்கம். லூயிசும் செலியும் இறந்த நாள்கள் வேறு வேறு. இடையில் 17 ஆண்டுகள். ஆகவே இவர்களுக்கு ஜூலை 12ஆம் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, நள்ளிரவு ஆலயம் திறக்கக் காத்திருந்த நாள் அது.